விலாங்கின் வலசை

நுழையும்முன்

வலசை என்றதும் வேடந்தாங்கலுக்கு வரும் பறவைகளே நினைவில் எழும். வானில் நிகழும் பயணம் கண்ணுக்குப் புலனாகிறது. நீருக்கடியில் நிகழும் பயணம் புலனாவதில்லை. ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் தேடியும் அகப்படாதிருந்த ஒரு மீனின் பிறப்பிடத்தையும், அது அங்கிருந்து ஆற்றுக்கு வந்து மீண்டும் கடலுக்குத் திரும்பும் நெடும்பயணத்தையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

பாம்பும் மீனும்

'பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு' என்பது தமிழ்நாட்டில் வழங்கும் பழமொழி. இரு தரப்பாரிடமும் அவரவர்க்கு ஏற்றாற்போல் நடந்து தப்பித்துக்கொள்பவரைக் குறிக்க இதனைச் சொல்வர். பாம்பைப் போல் நீண்டு உருண்ட உடலும், பிடித்த கையிலிருந்து நழுவும் வழுவழுப்பான தோலும் இம்மீனுக்கு அப்பெயரை வாங்கித் தந்தன. பழைய நூல்களில் இது மலங்கு என்றும் குறிக்கப்படுகிறது. செவுளும் துடுப்பும் உடைய விலாங்கு ஐயத்திற்கிடமின்றி மீனே. அதன் செதில்கள் மிகச் சிறியவை. தோலுக்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழமொழி கூறும் பழி விலாங்குக்குப் பொருந்தாது. எனினும், அதனுள் அறியாமல் பொதிந்த ஓர் உண்மை உண்டு. ஆற்றுக்கு ஓர் உடலையும் கடலுக்கு வேறோர் உடலையும் காட்டும் மீன் இது. அந்த இரண்டும் ஒரே உயிர்தான் என்பதை அறிய மனித குலத்திற்கு நெடுங்காலம் ஆயிற்று.

விலாங்கினத்தில் பல வகைகள் உலகெங்கும் உள்ளன. அவற்றுள் மிகுதியாக ஆராயப்பட்டது ஐரோப்பிய விலாங்கு. வடக்கே நார்வே, ஐஸ்லாந்து முதல் தெற்கே மொராக்கோ வரையிலும், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், கருங்கடலில் கலக்கும் ஆறுகள் சிலவற்றிலும் இது வாழ்கிறது. ஆறு, ஏரி, குட்டை, வாய்க்கால், கழிமுகம் என நீர் தங்கும் இடமெல்லாம் அதற்கு உறைவிடம். இத்தனை நாடுகளில், இத்தனை நீர்நிலைகளில் வாழும் இவ்வகை விலாங்குகள் அனைத்தும் பிறப்பது ஒரே கடற்பரப்பில் என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்னர்ச் சொல்லியிருந்தால் நம்பியிருப்போர் சிலரே.

விடை கிடைக்காத வினா

ஐரோப்பிய மக்கள் விலாங்கைத் தொன்றுதொட்டு உண்டு வந்தனர். மீனவர்கள் அதனைக் கூடை கூடையாகப் பிடித்தனர். சமையற்கூடங்களில் அதன் வயிற்றைப் பிளந்தவர்கள் எண்ணிலடங்கார். அவர்களுள் ஒருவரேனும் அதில் சினைமுட்டைகளைக் கண்டதாகச் சொல்லவில்லை. முட்டையில்லாத மீன் எவ்வாறு பெருகுகிறது?

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில் இவ்வினாவை எடுத்துக்கொண்டார். வற்றிச் சேறும் அகற்றப்பட்ட குளங்களில் மழை பெய்தபின் விலாங்குகள் மீண்டும் தோன்றுவதை அவர் அறிந்திருந்தார். ஆகவே, விலாங்குக்கு ஆண் பெண் என்னும் பால்வேறுபாடு இல்லை என்றும், அது ஈரமண்ணின் உள்ளிருந்து தானே தோன்றுகிறது என்றும் முடிவு செய்தார். உரோம அறிஞர் பிளினி, விலாங்குகள் பாறையில் உடலைத் தேய்க்கும்போது உதிரும் துணுக்குகள் உயிர் பெறுகின்றன என்று எழுதினார். குதிரையின் வால்மயிர் நீரில் விழுந்து விலாங்காகிறது என்னும் நம்பிக்கையும் ஐரோப்பிய நாட்டுப்புறங்களில் நிலவியது. இவற்றைப் படித்து இன்று நகைப்பது எளிது. கண்ணால் கண்டதை மட்டுமே சான்றாகக் கொண்டவர்களுக்கு வேறு முடிவு அன்று கிட்டியிருக்காது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் பிரான்செஸ்கோ ரெடி ஒரு செய்தியைத் தெளிவாகக் கூறினார். வளர்ந்த விலாங்குகள் இலையுதிர் காலத்து இருளில் ஆற்றிலிருந்து கடலுக்குச் செல்கின்றன. பின்னர்க் கடலிலிருந்து சிறு விலாங்குகள் ஆற்றுக்கு ஏறி வருகின்றன. ஆகவே, இனப்பெருக்கம் கடலில் நிகழ்கிறது என்பது அவர்தம் கருத்து. 1777இல் பொலோனியா நகரைச் சேர்ந்த கார்லோ மொண்டினி பெண் விலாங்கின் சினைப்பையை முறையாக விளக்கினார். முதிராத நிலையில் மடிப்பு மடிப்பாக உள்ள ஒரு மெல்லிய நாடா போன்ற உறுப்பு அது. கொழுப்பென்று கருதி எல்லாரும் கழித்த பகுதியே சினைப்பையாக இருந்தது.

ஆண் விலாங்கின் விந்துப்பையைக் கண்டறிய இன்னும் ஒரு நூற்றாண்டு ஆயிற்று. 1874இல் திரியெஸ்தே என்னும் துறைமுக நகரில் சிர்ஸ்கி என்பவர், சிறிய விலாங்குகளில் தாம் கண்ட ஓர் உறுப்பு அதுவாகலாம் என்று அறிவித்தார். அதனைச் சரிபார்க்கும் பொறுப்பு 1876இல் வியன்னாப் பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஏறத்தாழ 400 விலாங்குகளை அறுத்துப் பார்த்தார்; உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை. அம்மாணவர்தாம் பின்னாளில் உளப்பகுப்பாய்வின் தந்தை எனப் புகழ்பெற்ற சிக்மண்ட் பிராய்டு. அவர் தோல்வியுற்றதில் வியப்பில்லை. விலாங்கின் இனப்பெருக்க உறுப்புகள் ஆற்றிலோ கரையோரத்திலோ முதிர்வதேயில்லை. முதிர்ந்த விலாங்கைக் காணவேண்டின் ஆழ்கடலுக்குள் செல்லவேண்டும்.

இலை போன்ற மீன்

இதற்கிடையே, 1856இல் ஜெர்மானிய விலங்கியலாளர் காவுப் என்பவர், மெசினா நீரிணையில் கிடைத்த ஒரு சிறு கடல்மீனை ஆராய்ந்து புதியதோர் இனமாகப் பதிவு செய்தார். அது வில்லோ மரத்தின் இலையைப் போல் தட்டையானது. கண்ணாடி போன்று ஊடுருவிப் பார்க்கத்தக்கது. உடலோடு ஒப்பிட அதன் தலை மிகச் சிறியது. அதனால் 'நுண்தலை' என்று பொருள்படும் லெப்டோசெபாலஸ் என்னும் பெயரை அது பெற்றது. விலாங்குக்கும் இதற்கும் உறவிருப்பதாக அவர் கருதவில்லை. உருண்ட உடலும் கருந்தோலும் கொண்ட ஆற்று மீனையும், எழுத்தின் மீது வைத்தால் எழுத்துத் தெரியும் இந்த இலைமீனையும் இணைத்துப் பார்க்க யாருக்குத்தான் தோன்றும்?

மெசினா நீரிணையில் சுழல்களும் எதிர்நீரோட்டங்களும் மிகுதி. அவை ஆழ்கடல் உயிர்களை அவ்வப்போது மேற்பரப்புக்குக் கொணர்ந்து விடும். இத்தாலிய அறிஞர்கள் கிராசியும் கலாந்துருச்சியோவும் அங்கே கிடைத்த இலைமீன்களைத் தொட்டியில் வளர்த்தனர். நாளடைவில் அம்மீனின் உயரம் குறைந்தது, உடல் உருண்டது, நீளமும் சற்றுக் குறுகியது. இறுதியில் தொட்டியில் இருந்தது ஓர் இளம் விலாங்கு. வளரும் உயிர் நீளத்தில் குறைவது இயற்கையில் அரிதாகக் காணப்படும் நிகழ்வு. 1896இல் இவர்கள் தம் முடிவை வெளியிட்டனர். காவுப் பதிவு செய்த புதிய இனம் விலாங்கின் குஞ்சுப் பருவமே என்பது அதனால் தெளிவாயிற்று. இந்தக் கிராசியே, இந்தியாவில் பணியாற்றிய ரொனால்டு ராஸ் மலேரியா பற்றி ஆராய்ந்த அதே ஆண்டுகளில், அந்நோயை மனிதரிடையே பரப்புவது அனோபிலஸ் கொசு என்று நிறுவியோருள் முதன்மையானவர்.

இனி எஞ்சியது ஒரே வினா. குஞ்சுகள் கடலில் எங்கே பிறக்கின்றன? மத்தியதரைக் கடலிலேயே பிறக்கின்றன என்று கிராசி நம்பினார். அந்நம்பிக்கை தவறென்று காட்டியவர் டென்மார்க்கு நாட்டினர்.

எதிர்நீரில் ஒரு தேடல்

1904ஆம் ஆண்டு மே மாதம். 'தோர்' என்னும் டேனிஷ் ஆய்வுக் கப்பல் அட்லாண்டிக் பெருங்கடலில் பரோத் தீவுகளுக்கு மேற்கே சென்றுகொண்டிருந்தது. உணவுமீன்களின் குஞ்சுகளை ஆராய்வதே அதன் நோக்கம். வலையில் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் நீளமுள்ள ஓர் இலைமீன் அகப்பட்டது. மத்தியதரைக் கடலுக்கு வெளியே விலாங்கின் குஞ்சு பிடிபட்டது அதுவே முதன்முறை. கப்பலில் இருந்த இளம் அறிஞர் யோகன்னஸ் ஷ்மிட், தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தீர்மானித்த மீன் அது என்பதை அன்று அறிந்திருக்கமாட்டார்.

ஷ்மிட் கையாண்ட முறை எளிமையானது; ஆனால், பேரளவு பொறுமையை வேண்டுவது. முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து செல்லச் செல்ல வளரும். எனவே, சிறிய குஞ்சு கிடைக்கும் இடம் பிறப்பிடத்திற்கு அருகில் இருக்கவேண்டும். ஊற்றைத் தேடுவோர் ஓடையில் எதிர்நீராக நடப்பது போல, குஞ்சின் அளவு குறையும் திசையை நோக்கிக் கப்பலைச் செலுத்தினால் பிறப்பிடத்தை அடையலாம். அட்லாண்டிக்கின் பரப்பை நினைவிற்கொண்டால், இதனைத் துணிவு என்பதா பித்து என்பதா என்று சொல்வதற்கில்லை.

ஐரோப்பியக் கரையருகே கிடைத்தவை 75 மில்லிமீட்டர். மேற்கே செல்லச் செல்ல 60, 45, 30 என அளவு குறைந்தது. ஒரு கப்பலால் பெருங்கடலைத் துழாவ இயலாது என்பதை உணர்ந்த ஷ்மிட், அட்லாண்டிக்கைக் கடக்கும் வணிகக் கப்பல்களின் மாலுமிகளிடம் வலைகளைக் கொடுத்துக் குஞ்சுகளைச் சேகரித்துத் தரும்படி வேண்டினார். 1913இல் 'மார்கரேத்தே' என்னும் பாய்க்கப்பலில் பயணத்தைத் தொடர்ந்தார். அது மேற்கிந்தியத் தீவுகளருகே தரைதட்டி அழிந்தது. அடுத்த ஆண்டு முதல் உலகப்போர் மூண்டது. போர் முடிந்தபின் 1920இல் 'தானா' என்னும் கப்பலில் மீண்டும் புறப்பட்டார்.

மற்றொரு சிக்கலும் எழுந்தது. அமெரிக்க ஆறுகளில் வாழும் விலாங்கின் குஞ்சுகளும் அதே கடற்பரப்பில் கலந்து கிடைத்தன. இரண்டும் தோற்றத்தில் ஒன்றே. ஷ்மிட் அவற்றின் உடற்கணுக்களை ஒவ்வொன்றாக எண்ணினார். வளர்ந்த மீனில் இவை முதுகெலும்பு எண்ணிக்கையோடு ஒத்துவரும். அமெரிக்க விலாங்குக்குச் சராசரி 107. ஐரோப்பிய விலாங்குக்குச் சராசரி 114 அல்லது 115. உருப்பெருக்கியின் கீழ் மீன்குஞ்சின் கணுக்களை எண்ணி எண்ணிப் பிரித்த உழைப்பே இம்முடிவுக்கு அடித்தளம்.

1920 முதல் 1922 வரை நடந்த பயணங்களில், பெர்முடா தீவுகளுக்குத் தெற்கிலும் தென்கிழக்கிலும் உள்ள கடற்பரப்பில் 5 முதல் 7 மில்லிமீட்டர் அளவே உள்ள குஞ்சுகள் கிடைத்தன. அதனினும் சிறியவை வேறெங்கும் கிடைக்கவில்லை. அந்த இடம் சர்காசோ கடல். 18 ஆண்டுகள் நீண்ட தேடல் அங்கே முடிவுற்றது.

கரையில்லாக் கடல்

சர்காசோ உலகின் ஏனைய கடல்களைப் போன்றதன்று. அதற்கு நிலக்கரையே இல்லை. மேற்கே வளைகுடா நீரோட்டம், வடக்கே வட அட்லாண்டிக் நீரோட்டம், கிழக்கே கானரி நீரோட்டம், தெற்கே வட நிலநடுக்கோட்டு நீரோட்டம் ஆகிய நான்கும் வட்டமிட்டுச் சுழல, நடுவே அமைதியாகக் கிடக்கும் நீர்ப்பரப்பே அக்கடல். சர்காசம் என்னும் பழுப்புநிறக் கடற்பாசி அங்கே திட்டுத்திட்டாக மிதக்கிறது. 1492இல் கொலம்பஸின் மாலுமிகள் அப்பாசியைக் கண்டனர். நீர் வெதுவெதுப்பானது; தெளிவானது; ஏறத்தாழ 5000 மீட்டர் ஆழமுள்ள பகுதிகளும் உண்டு.

அங்கே முட்டையிலிருந்து வெளிவரும் விலாங்குக் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்தவாறே கிழக்கு நோக்கி வருகிறது. ஆழ்கடலில் பனித்தூவல் போல் இறங்கும் நுண்ணுயிர்களின் எச்சங்களே அதன் உணவு. ஐரோப்பியக் கரையை அடைய ஷ்மிட்டின் கணக்குப்படி ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் ஆகும்; பிற்கால ஆய்வுகள் சில இதனினும் குறைவான காலத்தைக் கூறுகின்றன. கண்டத்திட்டின் விளிம்பை அடைந்ததும் இலையுடல் உருளுடலாக மாறுகிறது. இந்நிலையில் உள்ள மீன் கண்ணாடி விலாங்கு எனப்படும். அது 6 அல்லது 7 சென்டிமீட்டர் நீளமுடையது. உடல் முழுதும் ஒளி ஊடுருவும். இரு கண்களும் மட்டும் கரும்புள்ளிகளாகத் தெரியும். ஒரு கிலோகிராம் எடைக்கு ஏறத்தாழ 3000 மீன்கள் நிற்கும்.

கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறும் இம்மீன் தன் வலிமையை வீணாக்குவதில்லை. கடல்நீர் கழிமுகத்துள் ஏறும்போது மேலெழுந்து அதனோடு உள்ளே செல்கிறது. நீர் வடியும்போது அடித்தரையில் ஒதுங்கிக்கொள்கிறது. இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றில் வசந்தகால இரவுகளில் ஓதம் ஏறும் நேரத்தில் மீனவர்கள் கைவலைகளோடு கரையில் காத்திருப்பர். ஸ்பெயின் நாட்டின் வடகரையில் கண்ணாடி விலாங்கு விலையுயர்ந்த விருந்துணவு.

மஞ்சளும் வெள்ளியும்

நன்னீரில் சில வாரங்களில் உடல் நிறம் பெறுகிறது. முதுகு பழுப்பாகவும் வயிறு மஞ்சளாகவும் மாறும். இது மஞ்சள் விலாங்குப் பருவம். வாழ்நாளின் பெரும்பகுதி இப்பருவத்திலேயே கழிகிறது. பகலில் சேற்றிலும் கல்லிடுக்கிலும் பதுங்கி இரவில் புழு, பூச்சி, நத்தை, சிறுமீன் முதலியவற்றை உண்கிறது. தோலாலும் மூச்சுவிட வல்லதாகையால், ஈரப் புல்லின்மேல் ஊர்ந்து ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குச் செல்லவும் அதனால் இயலும். கிணற்றிலும் தனித்த குளத்திலும் திடீரென விலாங்கு காணப்படுவதன் மறைபொருள் இதுவே. அரிஸ்டாட்டிலை மருட்டியதும் இதுவாக இருக்கக்கூடும்.

விலாங்கு ஆணா பெண்ணா என்பது பிறக்கும்போதே முடிவாவதில்லை. நெருக்கமாக வாழும் இடங்களில் ஆண்களும், நெருக்கம் குறைந்த மேல்நீர்ப் பகுதிகளில் பெண்களும் மிகுதியாகத் தோன்றுகின்றன. ஆண்கள் 45 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். பெண்கள் அரிதாக ஒரு மீட்டர் வரையும் வளரும். ஐந்தாண்டு, பத்தாண்டு, இருபதாண்டு என நீரின் வெப்பத்தையும் உணவையும் பொறுத்து இப்பருவம் நீளும்.

[தெரிந்து தெளிவோம்: சுவீடனில் பூச்சிகளை உண்டு கிணற்றுநீரைத் தூய்மையாக வைக்கும் என்று கருதி விலாங்கைக் கிணற்றில் விடும் வழக்கம் முன்னாளில் இருந்தது. பிராந்தேவிக் என்னும் கடலோரச் சிற்றூரில் 1859இல் ஒரு சிறுவன் கிணற்றில் விட்ட விலாங்கு 2014இல்தான் இறந்தது என்று அவ்வூரார் கூறுவர். அவர்கள் கூறும் வயதை மெய்ப்பிக்க வழியில்லை. கடலுக்குச் செல்ல வழியற்ற விலாங்கு முதிர்ச்சியைத் தள்ளிப்போட்டு நெடுங்காலம் வாழும் என்பது மட்டும் அறிந்த உண்மை.]

ஒரு நாள் அந்த அழைப்பு வருகிறது. அதனை எழுப்புவது எது என்பது முற்றிலும் விளங்கவில்லை. முதுகு கருத்து, வயிறு வெள்ளியாய் மின்னத் தொடங்குகிறது. ஆழ்கடலின் மங்கிய ஒளிக்கு ஏற்ப விழிகள் பெரிதாகின்றன. தோல் தடிக்கிறது. குடல் சுருங்கி உண்பது நின்றுபோகிறது. இதுகாறும் சேர்த்த கொழுப்பே இனி உணவு. இலையுதிர் காலத்தில், நிலவில்லா இரவுகளில், மழைவெள்ளம் பெருகும்போது வெள்ளி விலாங்குகள் கூட்டமாகக் கீழ்நோக்கி இறங்குகின்றன. இத்தாலியின் போ ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள கொமாக்கியோ காயலில், இவ்விரவுகளைக் கணக்கிட்டு முக்கோண வடிவ அடைப்புகளில் அவற்றைப் பிடிப்பது நெடுநாள் தொழில். அங்கு ஆற்றின் இருளும் புயலுமே மீனவர்க்கு நல்ல நாள்.

கடலில் அவை செல்லவேண்டிய தொலைவு 5000 கிலோமீட்டருக்கும் மிகுதி. உடலில் பொருத்திய பதிவுக் கருவிகள் இப்பயணத்தின் சில பகுதிகளைக் காட்டித் தந்துள்ளன. இரவில் 200 அல்லது 300 மீட்டர் ஆழத்திலும், பகலில் 600 மீட்டருக்கும் கீழேயும் விலாங்கு நீந்துகிறது. பகைமீன்களின் பார்வைக்குத் தப்புவதும், உடல்வெப்பத்தைக் குறைத்து முதிர்ச்சியைத் தாமதப்படுத்துவதும் இதன் நோக்கங்களாகக் கருதப்படுகின்றன. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், அசோர் தீவுகளிலிருந்து கருவி பொருத்தி விடப்பட்ட பெண் விலாங்குகளுள் சில சர்காசோ கடலை அடைந்தது உறுதிப்பட்டது. வளர்ந்த ஐரோப்பிய விலாங்கு அங்கே செல்கிறது என்பதற்கு நேரடிச் சான்று கிடைக்க, ஷ்மிட்டுக்குப் பின் ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது. அக்கடலில் ஐரோப்பிய விலாங்கு முட்டையிடுவதைக் கண்டவர் இன்றளவும் எவருமில்லை. அதன் ஒரு முட்டைகூட அங்கிருந்து எடுக்கப்படவில்லை. முட்டையிட்டபின் தாயும் தந்தையும் இறக்கின்றன என்பதும், திரும்பி வந்த ஒன்றையும் காணாமையால் பெறப்படும் முடிவே.

சப்பானிய விலாங்கைப் பொறுத்தவரை அறிஞர்கள் இன்னும் ஒருபடி முன்னேறியுள்ளனர். பசிபிக் பெருங்கடலில் மரியானா தீவுத்தொடருக்கு மேற்கே, 2009இல் அதன் முட்டைகளையே கண்டெடுத்தனர். தமிழக ஆறுகளிலும் கழிமுகங்களிலும் காணப்படும் விலாங்குகள் இந்தியப் பெருங்கடலில் முட்டையிடுபவை. 1928 முதல் 1930 வரை 'தானா' கப்பல் உலகைச் சுற்றியபோது, சுமத்திராவுக்கு மேற்கே உள்ள ஆழ்கடலில் விலாங்குக் குஞ்சுகளைச் சேகரித்தது. ஆயினும் ஐரோப்பிய விலாங்குக்குக் கிடைத்ததைப் போன்ற நீண்ட தேடல் இவற்றுக்கு வாய்க்கவில்லை. காவிரியில் தூண்டிலில் சிக்கும் விலாங்கு எந்த ஆழ்கடலில் பிறந்து, எவ்வழியாகக் கழிமுகத்தை அடைந்தது என்னும் வரலாறு முழுமையாக எழுதப்படாமலே இருக்கிறது.

அறுந்த வழி

ஐரோப்பிய விலாங்கின் பிறப்பிடம் தெரிந்த சில பத்தாண்டுகளில் அதன் வரவு குன்றத் தொடங்கியது. 1980களின் தொடக்கம் முதல் கரைக்கு வரும் கண்ணாடி விலாங்குகளின் எண்ணிக்கை விரைந்து சரிந்தது. இன்று அது 1960, 1970களின் சராசரியில் பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. 2008இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இம்மீனை மிகவும் அருகிவரும் உயிரினமாக அறிவித்தது.

காரணம் ஒன்றன்று. தொழிற்சாலைகளின் நச்சுப்பொருள்கள் விலாங்கின் கொழுப்பில் தங்குகின்றன. பயணத்தில் கொழுப்புக் கரையும்போது அவை உடலெங்கும் பரவுகின்றன. கிழக்காசியாவிலிருந்து வணிகத்திற்காகக் கொணர்ந்த சப்பானிய விலாங்குகளோடு ஒரு புழு ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்தது. அது விலாங்கின் காற்றுப்பையில் குடியேறி, ஆழத்தில் ஏறி இறங்கும் திறனைக் கெடுக்கிறது. கண்ணாடி விலாங்கைக் கள்ளத்தனமாக ஆசியப் பண்ணைகளுக்கு அனுப்பும் வணிகமும் பெருகியது. பண்ணையில் வளரும் விலாங்குகள் அனைத்தும் கடலிலிருந்து பிடித்த குஞ்சுகளே என்பதை மறத்தலாகாது. 2010இல் சப்பானிய அறிஞர்கள் முட்டை முதல் முட்டை வரை தொட்டியிலேயே வளர்த்துக் காட்டினர். எனினும், கடற்குஞ்சுகளுக்கு ஈடான விலையில் அம்முறை பயனுக்கு வருவது எளிதாக இல்லை.

இவை எல்லாவற்றினும் கண்முன்னே தெரிவது வழி மறிக்கப்பட்டமையே. 2020இல் வெளியான கணக்கெடுப்பு ஒன்றின்படி ஐரோப்பிய ஆறுகளில் அணை, தடுப்பணை, மதகு முதலிய தடைகள் குறைந்தது 12 இலட்சம் உள்ளன. மேலேறும் இளம் விலாங்கு ஈரச்சுவரில் ஓரளவு தொற்றி ஏறும். உயர்ந்த அணையின் முன் அதன் வலிமை செல்லாது. இதற்கென அணையோரத்தில் சாய்வான தடங்கள் அமைத்து, அவற்றில் தூரிகை மயிர் போன்ற இழைகளைப் பதித்து நீரைக் கசியவிடுகின்றனர். இளம் விலாங்குகள் அவ்விழைகளுக்கிடையே நெளிந்து மேலேறுகின்றன. கீழிறங்கும் வெள்ளி விலாங்குக்கு நேர்வது இதனினும் கொடியது. நீர்மின் நிலையத்தின் சுழலிகள் நீண்ட உடலை வெட்டிவிடுகின்றன. குறுகிய உடலுள்ள மீன் தப்பிச்செல்லும் இடைவெளியில் ஒரு மீட்டர் நீளமுள்ள பெண் விலாங்கு தப்புவதில்லை. இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்து செல்லவேண்டியவையும் அப்பெரிய பெண்களே.

2007இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு விதியை இயற்றியது. மனிதத் தலையீடு இல்லாதிருந்தால் கடலுக்குச் சென்றிருக்கக்கூடிய வெள்ளி விலாங்குகளின் எடையில், நூற்றுக்கு 40 பங்கேனும் கடலை அடைதல் வேண்டும் என்பது அதன் இலக்கு. எவ்வழியில் அதனை எட்டுவது என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு.

அயர்லாந்து 2009இல் வணிக நோக்கிலான விலாங்குப் பிடிப்பை முற்றிலும் நிறுத்தியது. தலைமுறை தலைமுறையாக அத்தொழிலில் இருந்த குடும்பங்களுக்கு அது பேரிழப்பு. அந்நாட்டின் பெரிய ஆறான ஷானனில் ஆர்ட்னகிரஷா என்னுமிடத்தில் 1929 முதல் நீர்மின் நிலையம் இயங்கி வருகிறது. அணையை இடிப்பது இயலாது. சுழலியை நிறுத்தினால் மின்சாரம் இல்லை. ஆகவே, வேறொரு வழி காணப்பட்டது. இலையுதிர் காலத்தில், விலாங்கின் போக்கை அறிந்த மீனவர்களே ஆற்றின் மேற்பகுதியில் பழையபடி வலை கட்டுகின்றனர். பிடிபட்ட வெள்ளி விலாங்குகள் நீர்த்தொட்டி பொருத்திய வண்டிகளில் ஏற்றப்பட்டு, சாலை வழியாக அணையைக் கடந்து, கீழ் ஆற்றில் விடப்படுகின்றன. தந்தையரும் பாட்டன்மாரும் சந்தைக்கு அனுப்பிய மீனை, இவர்கள் எடை பார்த்துக் குறித்துக்கொண்டு ஆற்றில் இறக்குகின்றனர். தொட்டியின் மடை திறந்ததும் கருமுதுகும் வெள்ளிவயிறுமாக விலாங்குகள் நீரில் சரிந்து மறைகின்றன. அங்கிருந்து கழிமுகம் அருகில்தான் உள்ளது. சர்காசோ இன்னும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.